செத்துக்கிட்டு இருக்கற ஊருக்கு காசு கொட்டணுமா, இல்ல அங்க இருக்கற ஆளுங்கள கெளம்ப சொல்லணுமா?

கணக்குப்புள்ள

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, கேட்டா சிலர் அடிக்க வருவீங்கன்னு தெரியும், பரவால்ல கேட்டுடறேன்.

ஒரு ஊர் எந்த வேலைய நம்பி உருவாச்சோ அந்த வேலை போயிடுச்சு. சுரங்கத்த மூடியாச்சு, மில்லுக்கு பூட்டு போட்டாச்சு, கப்பல் வேற துறைமுகத்துக்கு போயிடுச்சு. அதுக்கப்புறமும் அந்த ஊர தூக்கி நிறுத்தறேன்னு அரசாங்கம் வருஷா வருஷம் கோடி கோடியா எறக்குறது சரியா? அதே காச அங்க இருக்கறவங்க கையில குடுத்து, வேலை இருக்கற ஊருக்கு போய் பொழச்சுக்கோங்கன்னு சொன்னா என்ன தப்பு?

அமெரிக்காவோட கார் ஊர் டெட்ராய்ட்ட எடுத்துக்கோங்க. 1950ல பதினெட்டரை லட்சம் பேர், 2020 கணக்கெடுப்புல 6.39 லட்சம். நடுவுல 2013ல ஊரே திவால். ஆனா அந்த டெட்ராய்ட் எப்படி வளந்துச்சு? அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல பருத்திக்காட்ட விட்டுட்டு ரயிலேறி வந்தவங்க, ஐரோப்பாவுல இருந்து கப்பலேறி வந்தவங்க, இவங்களாலதான். அன்னிக்கு எவனாவது பருத்திக்காட்டுக்கு மறுவாழ்வு திட்டம் போட்டு அவங்கள அங்கயே உக்கார வெச்சிருந்தா அந்த கார் கம்பெனி வேலையும் கெடச்சிருக்காது, நல்ல சம்பளமும் கெடச்சிருக்காது.

ஊருக்கு பசிக்காது, மனுசனுக்குத்தான் பசிக்கும். கிழிக்கறவங்க கிழிக்கலாம்.

சும்மா ஒருத்தன்

துண்டு போட்டு எடம் புடிச்சாச்சு.

நிலவொளி

கணக்கு தம்பி, கெளம்புன்னு சொல்றது சுலபம். மொதல்ல கெளம்பறது யாருன்னு பாருங்க. இருபத்தஞ்சு வயசு, படிப்பு இருக்கு, கல்யாணம் ஆகல, அவன் போயிடுவான். அம்பது வயசுல உலைக்கு முன்னாடி நின்னு வேலை பாத்தவர் எங்க போவாரு? வயசான அம்மா இருக்காங்க, பேரப்புள்ளைய பாத்துக்கறது அவரு சம்சாரம்தான், அதனாலதான் மக வேலைக்கே போறா. இவரு சொந்த வீட்ட வித்துட்டு போலாம்னா, அந்த ஊர்ல வீடு வாங்க ஆளே இல்ல, விக்கற காசுல வளந்த ஊர்ல ஒரு ரூம் அட்வான்ஸ் கூட தேறாது. ஊர் விழுந்தா வீட்டு வெலையும் கூட சேந்து விழும், அதான் ஆள கட்டிப்போடற கயிறே.

அடுத்தது, போனவன் வரியையும் எடுத்துட்டு போறான். ஆனா குழாய் அங்கயேதான் இருக்கு. டெட்ராய்ட் 360 சதுர கிலோமீட்டருக்கு மேல, ஜனம் மூணுல ஒரு பங்கா ஆனதுக்காக தண்ணி பைப்பும் சாக்கடையும் ரோடும் மூணுல ஒரு பங்கா சுருங்குமா? அதே நீளத்த மூணுல ஒரு பங்கு ஆளுங்க, அதுவும் வசதி கொறஞ்ச ஆளுங்க, சொமக்கணும். திவால் சமயத்துல அங்க தெருவிளக்குல சுமார் 40 சதவீதம் எரியல. விளக்கு எரியாத தெருவுல எவன் கடை போடுவான், கடை இல்லாத எடத்துக்கு எவன் குடி வருவான். குன்னார் மிர்தால்னு ஸ்வீடன் பொருளாதார நிபுணர் 1950கள்லயே இத தெளிவா சொல்லிட்டாரு, சரிவு ஒரு எடத்துல வந்து தானா நிக்காது, ஒண்ணு இன்னொண்ண இழுத்துட்டு போய்ட்டே இருக்கும், அதே மாதிரி வளர்ச்சியும் வளர்ச்சிய இழுக்கும், சந்தை தானா ரெண்டையும் சமன் பண்ணிடும்ங்கறது நடக்காதுன்னு.

அதனால நீங்க "ஆளுக்கு காசு"ன்னு சொல்றது போறவனுக்கு உதவி. மிச்சம் இருக்கறவன் தலையில பாரம் ஏத்தறதும் அதுவேதான்.

கணக்குப்புள்ள

அக்கா, மிச்சம் இருக்கறவங்கள விட்டுடுங்கன்னு நான் சொல்லல. ஆனா எடம் மாறுனா வாழ்க்கை மாறும்ங்கறதுக்கு ஆதாரம் இருக்கு. அமெரிக்காவுல 1994ல ஆரம்பிச்சு அஞ்சு நகரத்துல ஒரு பரிசோதனை பண்ணாங்க, ஏழைக் குடும்பங்களுக்கு குலுக்கல்ல வாடகை உதவி குடுத்து வறுமை கொறஞ்ச பகுதிக்கு போக சொன்னாங்க. ராஜ் செட்டிங்கற பொருளாதார நிபுணரோட குழு பின்னாடி அந்த புள்ளைங்க வரிக் கணக்க எடுத்து பாத்தா, 13 வயசுக்கு முன்னாடி எடம் மாறுன புள்ளைங்க பெரியவங்க ஆனப்ப, மாறாத புள்ளைங்கள விட சுமார் 31 சதவீதம் அதிகமா சம்பாதிச்சாங்க. இத விட என்ன வேணும்?

ரிட்டயர்டு வாத்தி

குறுக்க வரேன் மன்னிக்கணும். அந்த ஆய்வு ஒரே நகரத்துக்குள்ள ஒரு பேட்டைல இருந்து இன்னொரு பேட்டைக்கு மாறுனத பத்தினது. வேலை செத்த ஊர்ல இருந்து வேலை இருக்கற ஊருக்கு போனது இல்ல. தவிர, 13 வயசு தாண்டி மாறுன புள்ளைங்களுக்கு லாபமே இல்ல, கொஞ்சம் நஷ்டம்னு கூட அதே ஆய்வுல வருது. சொல்லப்போனா அது உங்க வாதத்துக்கு எதிரா கூட திரும்பும். ஒரே நகரத்துல நாலு தெரு தள்ளி வளந்தா 31 சதவீதம் மாறுதுன்னா எடத்துக்கு அவ்ளோ சக்தி இருக்குன்னுதான அர்த்தம்? அப்ப எடத்த சரி பண்றது வீண் செலவுன்னு எப்படி சொல்றீங்க?

கணக்குப்புள்ள

வாத்தியார்கிட்ட மாட்டிக்கிட்டேன்.

பழையரயில்

கணக்கு சொன்ன பருத்திக்காட்டு கதை உண்மைதான், ஆனா அந்த காலத்துல போற ஊர்ல கதவு தொறந்து இருந்துச்சு. இப்ப வளர்ற ஊர் வாசல்ல வாடகைன்னு ஒரு பூட்டு தொங்குது. சான் பிரான்சிஸ்கோ, லண்டன், நியூயார்க் எல்லாம் வேலைய இழுக்குற வேகத்துக்கு வீடு கட்ட விடறதில்ல, ஏற்கனவே வீடு வெச்சிருக்கறவங்க புது கட்டடம் வேணாம்னு மறிக்கறாங்க. 1960 வாக்குல தெற்கு மாநிலத்துல இருந்து ஒரு வக்கீல் நியூயார்க் போனாலும் லாபம், ஒரு துப்புரவுத் தொழிலாளி போனாலும் வாடகை போக லாபம். 2010க்கு வந்து பாத்தா வக்கீலுக்கு மட்டும்தான் லாபம், துப்புரவுத் தொழிலாளிக்கு கூட கெடைக்கற சம்பளத்த விட கூட குடுக்கற வாடகை அதிகம். அப்ப அவங்க கெளம்பாம இருக்கறது சோம்பேறித்தனம் இல்ல, சரியான கணக்கு.

இன்னொண்ணு, சீன இறக்குமதி வந்து அமெரிக்காவுல சோபா, துணி, பொம்மை பண்ற ஊருங்க அடிவாங்குனப்ப (1999ல இருந்து 2011க்குள்ள 20 லட்சத்துக்கும் மேல வேலை போச்சுன்னு பொருளாதார நிபுணர் டேவிட் ஆட்டர் குழுவோட கணக்கு) பொருளாதாரப் பாடபுத்தகம் சொன்ன மாதிரி ஜனங்க வேற ஊருக்கு பெருசா நகரவே இல்ல. அங்கயே இருந்தாங்க, சம்பளம் கொறஞ்சுச்சு, மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கறவங்க எண்ணிக்கை ஏறுச்சு. ஆக நீங்க காசு குடுக்கலன்னாலும் வேற பேர்ல அந்த காசு போய்க்கிட்டுதான் இருக்கும்.

சும்மா ஒருத்தன்

எதுக்கு இவ்ளோ குழப்பம். பில்பாவோ மாதிரி ஒரு சூப்பர் மியூசியம் கட்டு, டூரிஸ்ட் வருவான், ஊர் பொழச்சுக்கும். முடிஞ்சுது மேட்டர்.

பழையரயில்

இதத்தான் யாராவது சொல்லுவீங்கன்னு காத்துட்டு இருந்தேன் :)

ஸ்பெயின்ல பில்பாவோவ பத்தி உலகம் பூரா இருக்கற மேயருங்க பாதி கதைய மட்டும் கேட்டுட்டு ஏமாந்தாங்க. கூகன்ஹைம் மியூசியம் தொறந்தது 1997 அக்டோபர்ல, ஃபிராங்க் கேரி டிசைன், டைட்டானியம் தகடு மின்னும், போட்டோல அள்ளும், எல்லாம் சரி. ஆனா அதுக்கு முன்னாடி பதினஞ்சு வருஷமா என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 1983ல பெரிய வெள்ளம், அதே பத்து வருஷத்துல கப்பல் கட்டற தளமும் உருக்காலையும் ஒண்ணொண்ணா மூடறாங்க, எயுஸ்கல்துனா கப்பல் தளத்த மூடறப்ப தெருவுல தொழிலாளிக்கும் போலீசுக்கும் சண்டை. அப்ப ஊருக்கு நடுவுல ஓடுன ஆறு ஆறே இல்ல, தொழிற்சாலை கழிவும் சாக்கடையும்தான். மொதல்ல அந்த சாக்கடைய புடிச்சு சுத்திகரிக்க ஆரம்பிச்சாங்க, அதுக்கு ஆன செலவு மியூசியம் கட்டுன செலவ விட பல மடங்கு. துறைமுகத்த ஊர் நடுவுல இருந்து கடல் பக்கம் தள்ளுனாங்க, அதனால ஆத்தங்கரை பூரா காலி நிலம் கெடச்சுது. 1992ல பில்பாவோ ரியா 2000ன்னு ஒரு அமைப்பு, மத்திய அரசு, பில்பாவோ இருக்கற பாஸ்க் பகுதியோட அரசு, நகராட்சி, ரயில்வே, துறைமுகம்னு நிலம் வெச்சிருந்த எல்லாரையும் ஒரே மேசைல உக்கார வெச்சுது. 1995ல மெட்ரோ. அதுக்கப்புறம்தான் 97ல மியூசியம்.

இன்னும் முக்கியம், பாஸ்க் பகுதி அதோட வரிய அதுவே வசூல் பண்ணி, மத்திய அரசுக்கு ஒரு பங்க மட்டும் குடுக்கற ஏற்பாடு வெச்சிருக்கு. கையில சொந்த காசு. மியூசியத்த காப்பியடிச்ச எந்த ஊருக்கு அந்த வரி அதிகாரம் இருந்துச்சு? கோபுரத்த பாத்து கோபுரம் கட்டுனாங்க, அஸ்திவாரம் எங்கன்னு எவனும் கேக்கல. சாக்கடைக்கு முன்னாடி நின்னு யாரு செல்ஃபி எடுக்க போறா.

நிலவொளி

டூரிஸ்ட் வருவான்னு நம்பி நாசமா போன ஊருக்கு பேரு வேணும்னா யூபாரி. ஜப்பான்ல ஹொக்கைடோ தீவு, நிலக்கரி ஊர். 1960ல 1.16 லட்சம் பேர். நாடு எண்ணெய்க்கு மாறுச்சு, சுரங்கம் ஒவ்வொண்ணா மூடுச்சு, 1981ல ஒரே விபத்துல 93 பேர் செத்தாங்க, 1990ல கடைசி சுரங்கமும் போச்சு. நகராட்சி சும்மா இருக்கல, கரியில இருந்து சுற்றுலாவுக்குன்னு நிலக்கரி வரலாற்று பூங்கா, ராட்டினம், ஹோட்டல், பனிச்சறுக்கு எல்லாம் எறங்குச்சு. கம்பெனி விட்டுட்டு போன வீடு, ஆஸ்பத்திரி, தண்ணி சப்ளை எல்லாத்தையும் வேற நகராட்சியே தலைல ஏத்திக்குச்சு. கூட்டம் வரல. குறுகிய காலக் கடன ஒரு கணக்குல இருந்து இன்னொரு கணக்குக்கு சுத்தி சுத்தி காட்டி வருஷக்கணக்கா ஓட்டுனாங்க. 2006ல வெளிய வந்துச்சு, 2007ல அதிகாரப்பூர்வமா திவால். சுமார் 3,500 கோடி யென் கடன், கிட்டத்தட்ட இருபது வருஷத்துல கட்டணும்னு திட்டம்.

அப்புறம் என்னாச்சுன்னா ஊழியர்கள பாதிக்கு மேல கொறச்சாங்க, மேயர் சம்பளத்துல 70 சதவீதம் வெட்டு, ஸ்கூல் எல்லாத்தையும் சேத்து ஒரு தொடக்கப்பள்ளி ஒரு நடுநிலைப்பள்ளி. இப்ப ஜனத்தொகை 7,000க்கும் கீழ. கணக்கு தம்பி, இந்த ஊர் விஷயத்துல நான் உங்க பக்கம் கொஞ்சம் வரேன், பொய் நம்பிக்கைக்கு கட்டடம் கட்டுறத விட பேசாம இருந்திருக்கலாம். ஆனா பாருங்க, அதே யூபாரி அப்புறம் பண்ண வேலை எனக்கு புடிக்கும். பள்ளத்தாக்கு பூரா செதறி கெடந்த சுரங்க குடியிருப்புல இருந்து வயசானவங்கள ஊரோட நடுப்பகுதிக்கு கொண்டு வந்து, கிட்ட கிட்ட வீடு கட்டி, பைப்பையும் பனி அள்ளுற ரோட்டையும் கொறச்சாங்க. ஊர் வளரும்னு பொய் சொல்லாம, சின்னதா ஆனாலும் இருக்கறவங்க மரியாதையா இருக்கட்டும்னு. நான் சொல்ற ரெண்டும் கெட்டான் வழி இதான்.

கணக்குப்புள்ள

அக்கா அதத்தான நானும் சொல்றேன், கௌரவமா சுருக்கணும்!

ரிட்டயர்டு வாத்தி

சுருக்கறதுன்னு யார் முடிவு பண்றாங்கங்கறதுல இருக்கு விஷயம். அந்த ஊர்க்காரங்க உக்காந்து பேசி முடிவு பண்ணா ஒரு மாதிரி. தலைநகர்ல உக்காந்துட்டு ஒருத்தர் முடிவு பண்ணா வேற மாதிரி. 1981ல லிவர்பூல்ல கலவரம் நடந்தப்ப, பிரிட்டன் நிதியமைச்சரா இருந்த ஜெஃப்ரி ஹோவ், அந்த ஊர மெல்ல மெல்ல தேய விடறதையும் ஒரு வழியா யோசிக்கலாம்ங்கற அர்த்தத்துல பிரதமர் தாட்சருக்கு எழுதுனாரு, அந்த வார்த்தைய தனியா பேசறப்ப கூட உபயோகிக்க வேணாம்னும் சேத்து எழுதுனாரு. முப்பது வருஷம் கழிச்சு 2011ல ஆவணம் வெளிய வந்தப்ப லிவர்பூல்காரங்க கொதிச்சது சும்மா இல்ல. அந்த சமயத்துல இன்னொரு அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் எதிர்த்து நின்னு ஊர் பக்கம் காசு திருப்பலன்னா அங்க இருக்கற பழைய துறைமுகம் ஆல்பர்ட் டாக் இன்னும் சேறு நெறஞ்சுதான் கெடந்திருக்கும்.

தமாஷ் என்னன்னா அந்த கரைய மேம்படுத்தறேன்னு போய் போய் கடைசில 2021ல யுனெஸ்கோ லிவர்பூல உலக பாரம்பரிய பட்டியல்ல இருந்தே தூக்கிடுச்சு, புது கட்டடங்கள் பழைய துறைமுக அழக கெடுக்குதுன்னு. ஊர்க்காரங்க பாதிப்பேர், போனா போகட்டும் வேலை வருதேன்னு சொன்னாங்க. அதுலயும் நியாயம் இல்லாம இல்ல.

மேகமூட்டம்

இழைய முழுசா படிச்சுட்டுதான் எழுதறேன். நான் வேலை விஷயமா ஜெர்மனில ரூர் பகுதில மூணு வருஷம் இருந்தேன், டார்ட்மண்ட். "ஊர மூடிட்டு ஆள அனுப்பு"ங்கற வாதம் அங்க எப்படி இடிக்குதுன்னு சொல்றேன்.

ரூர்ல நூத்தம்பது வருஷத்துக்கு மேல அடியில இருந்து கரி எடுத்து எடுத்து நிலமே கீழ எறங்கிடுச்சு. சில எடத்துல இருபது மீட்டர் வரைக்கும். மேல அம்பது லட்சம் பேர் குடியிருக்காங்க. எறங்குன நிலத்துல தண்ணி தேங்காம இருக்க பம்பு ஓடிக்கிட்டே இருக்கணும், ஆழத்துல சுரங்கத் தண்ணி மேல ஏறி குடிநீர்ல கலக்காம இருக்க அதுக்கு தனியா பம்பு. எத்தன வருஷம்னு கேட்டீங்கன்னா முடிவே கெடையாது, அவங்களே அதுக்கு "நித்திய சுமை"ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர் வெச்சிருக்காங்க. 2018 டிசம்பர்ல பாட்ரோப்ல கடைசி சுரங்கத்த மூடுனாங்க, அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து இந்த பம்பு செலவுக்குன்னே ஒரு அறக்கட்டளை, சொத்து வருமானத்துல இருந்து கட்டுது. பம்ப நிறுத்துனா அந்த பகுதில ஒரு பங்கு ஏரியாயிடும். இத எப்படிங்க மூடிட்டு போறது? நாட்டுக்கே கரியும் இரும்பும் குடுத்த நிலம், கணக்க முடிச்சுக்கோன்னு சொன்னா கணக்கு முடியாது.

எம்ஷர்னு ஒரு ஆறு இருக்கு. நிலம் எறங்கிட்டே இருந்ததால அடியில சாக்கடை குழாய் பதிக்க முடியல, ஒடஞ்சுடும். அதனால ஆத்தையே கான்கிரீட் போட்டு திறந்த சாக்கடையா ஆக்கி நூறு வருஷம் ஓட விட்டாங்க. சுரங்கம் வடக்க நகந்ததுக்கு அப்புறம்தான் நிலம் நின்னுச்சு, 1992ல வேலைய ஆரம்பிச்சு 2021 கடைசில ஆத்துல சாக்கடை விழறத முழுசா நிறுத்துனாங்க. சுமார் 550 கோடி யூரோ, முப்பது வருஷம். எந்த எலெக்‌ஷனுக்கும் ஒத்து வராத வேலை. பழையரயில் சொன்ன சாக்கடை பாயிண்ட்டுக்கு இது இன்னொரு சாட்சி.

யுனிவர்சிட்டிய பத்தியும் சொல்லணும். அவ்ளோ பெரிய தொழில் பகுதில 1960கள் வரைக்கும் ஒரு பல்கலைக்கழகம் கூட கெடையாது, புள்ளைங்க சுரங்கத்துக்கும் உலைக்கும் போனா போதும்னு விட்டாச்சு. "போகும்"ங்கற ஊர்ல 1965, டார்ட்மண்ட்ல 1968. இப்ப ரெண்டு லட்சத்துக்கு மேல மாணவர்கள் அந்த பகுதில. ஆனா இதுக்கும் பலன் பாக்க ஒரு தலைமுறை ஆச்சு.

சீக்கிரம் பலன் வேணும்னு பண்ணது என்னாச்சு தெரியுமா? பெரிய கம்பெனிய கூட்டிட்டு வா, பழைய வேலைக்கு பதில் புது வேலைன்னு. போகும்ல ஓப்பல் கார் பிளாண்ட் 1962ல வந்துச்சு, 2014ல மூடியாச்சு. நோக்கியா போன் தொழிற்சாலை அரசு மானியம் எல்லாம் வாங்குச்சு, லாபத்துல இருந்தப்பவே 2008ல ருமேனியாவுல க்ளூஜுக்கு கெளம்பிடுச்சு. அந்த க்ளூஜ் பிளாண்ட்டையும் மூணே வருஷத்துல, 2011ல, மூடப்போறதா அறிவிச்சாங்க. ஜெர்மன்காரன் ருமேனியாக்காரன திட்டுனான், அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நெலமை.

சும்மா ஒருத்தன்

மியூசியம் வாபஸ். ஆனா கம்பெனி வந்தா நல்லதுதானங்க? மானியம் குடுத்தா என்ன தப்பு?

பழையரயில்

சும்மா, அதுக்கு ரெண்டு கதை. 2017ல அமேசான் ரெண்டாவது தலைமையகம் எங்க வைக்கலாம்னு ஏலம் விட்ட மாதிரி அறிவிச்சுது, 238 விண்ணப்பம். டெட்ராய்ட் உட்பட நொந்துபோன ஊரெல்லாம் நாங்க இத தரோம் அத தரோம்னு வரிசைல நின்னுச்சு. கடைசில 2018ல எங்க போச்சு? நியூயார்க்குக்கும் வாஷிங்டனுக்கு பக்கத்துல வர்ஜீனியாவுக்கும். ஏற்கனவே கொழுத்த ஊர். நியூயார்க்ல எதிர்ப்பு வந்து அடுத்த பிப்ரவரில அத கைவிட்டது தனி கதை. மானியம் இல்ல, ஆளு இருக்கற எடத்த தேடித்தான் போச்சு. திறமையான ஆளு குவிஞ்ச எடத்துக்கு கம்பெனி, கம்பெனி குவிஞ்ச எடத்துக்கு ஆளு, அந்த சுழல மானியத்தால உடைக்கறது கஷ்டம்.

ரெண்டாவது, அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல ஃபாக்ஸ்கான். அதே 2017, 13,000 வேலை, ஆயிரம் கோடி டாலர் முதலீடுன்னு அறிவிப்பு, மாநிலம் முன்னூறு கோடி டாலருக்கு கிட்ட சலுகை. இருந்த வீடுகள வாங்கி இடிச்சு ரோடு போட்டாங்க. 2021ல ஒப்பந்தத்த திருத்தி எழுதுறப்ப வேலை எண்ணிக்கை 1,454. அந்த நிலத்துல ஒரு பகுதி பின்னாடி டேட்டா சென்டருக்கு போச்சு.

எல்லா கம்பெனியும் அப்படின்னு சொல்ல மாட்டேன். இங்கிலாந்துல சண்டர்லேண்டுக்கு நிசான் 1986ல வந்தது இன்னும் நிக்குது. ஆனா அத வெச்சு திட்டம் போடறது ஒருத்தனுக்கு லாட்டரி விழுந்தத பாத்து எல்லாரும் வேலைய விட்ட கதை.

நிலவொளி

அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்க யாரும் இன்னும் சொல்லலயே. ஊர் மீண்ட கதைக்கு எல்லாரும் காட்டுற உதாரணம். எண்பதுகள்ல உருக்கு போச்சு, பல்கலைக்கழகமும் ஆஸ்பத்திரியும் தூக்கி நிறுத்துச்சு, உருக்கு கம்பெனி கட்டுன ஊர்லயே உசரமான கட்டடத்து உச்சியில இப்ப ஆஸ்பத்திரி குழுமத்தோட பேர் மின்னுது. நல்லதுதான். அங்கிருந்து ஆத்தோரமா பத்து பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி போனா பிராடக்னு ஒரு ஊர். உருக்கு முதலாளி கார்னகி 1875ல உருக்காலை தொடங்குன எடம், அமெரிக்காவுல அவரு கட்டுன மொத லைப்ரரியும் அங்கதான். ஒரு காலத்துல 20,000 பேர், இப்ப 2,000 கூட இல்ல. ஆலை இன்னிக்கும் ஓடுது, ஆனா மிஷினு ஓடுது, ஆளு வேணாம். அந்த சின்ன ஊர்ல இருந்த ஆஸ்பத்திரிய 2010ல மூடிட்டாங்க, நஷ்டம்னு.

ஆக ஆஸ்பத்திரியாலயே ஒரு ஊர் எழுந்துச்சு, ஆஸ்பத்திரி போனதால பக்கத்து ஊர் இன்னும் விழுந்துச்சு. "பிட்ஸ்பர்க் மீண்டுச்சு"ன்னு படிக்கறப்ப எல்லாம் எனக்கு கேக்க தோணும், எந்த எல்லைக்கோட்டுக்குள்ள?

மேகமூட்டம்

அக்கா அதே கேள்விதான் நான் டார்ட்மண்ட்ல பாத்தது. ஹோர்டன்னு ஒரு பகுதி, அங்க பீனிக்ஸ்னு உருக்காலை. 2001ல உற்பத்தி நின்னுச்சு, சீனாக்காரங்க வாங்கி, நூத்துக்கணக்கான தொழிலாளிகள கூட்டிட்டு வந்து போல்ட்டு போல்ட்டா கழட்டி, நம்பர் போட்டு, கப்பல்ல ஏத்தி யாங்சி கரையில மறுபடி மாட்டுனாங்க. காலியான குழியில 2010ல தண்ணி விட்டு ஏரியாக்கிட்டாங்க, 24 ஹெக்டேர். படகு விடறாங்க, கரை பூரா வெள்ளை வெள்ளையா வில்லா. அழகா இருக்கு, பொய் சொல்ல மாட்டேன், ஞாயித்துக்கிழமை நானும் அங்கதான் நடப்பேன். உருக்கு காய்ச்சுன ஒரு பழைய ராட்சச கொப்பரைய ஞாபகார்த்தமா வெச்சிருக்காங்க, அதுக்கு பக்கத்துல காபி குடிக்கறவங்களுக்கு அது என்னன்னு தெரியுமான்னு தெரியல.

ஆனா அந்த ஆலைல வேலை பாத்தவங்க இருந்த தெரு ஏரிக்கு இந்தப் பக்கம். அவங்கள்ல யாரும் அந்தப் பக்கம் வீடு வாங்கல, வாங்க முடியாது. புகை போனது அவங்களுக்கும் லாபம்தான், ஏரி எல்லாருக்கும் பொதுதான், ஆனா வாடகையும் கூடவே ஏறுது. ரூர் முழுசுக்குமே இந்த கோடு இருக்கு, ஏ40ன்னு ஒரு நெடுஞ்சாலை கிழக்கு மேற்கா ஓடுது, அத "சமூக பூமத்திய ரேகை"ன்னே சொல்லுவாங்க. தெக்க பல்கலைக்கழகம், ஆபீஸ், பசுமை. வடக்க கெல்சன்கிர்ஷன் மாதிரி ஊர், ஜெர்மனிலயே தலைக்கு வருமானம் அடிமட்டத்துல. ஒரே மறுசீரமைப்பு திட்டம், ஒரே காசு, நடுவுல ஒரு ரோடு.

ரிட்டயர்டு வாத்தி

லெய்ப்சிக்ல வேற ஒரு கூத்து. கிழக்கு ஜெர்மனி, 1990க்கு அப்புறம் பத்தே வருஷத்துல லட்சம் பேருக்கு கிட்ட கெளம்பிட்டாங்க. காலி வீடு மலிஞ்சு போய் இடிக்க ஆரம்பிச்சாங்க, 2002ல இருந்து கிழக்கு பூரா இடிக்கறதுக்கே அரசு மானியம். சில எடத்துல இடிக்காம, வாடகை வேணாம், உள்ள இருந்து கட்டடத்த காப்பாத்துங்க போதும்னு ஓவியர்களுக்கும் இளைஞர்களுக்கும் தெறந்து விட்டாங்க. போர்ஷே, பிஎம்டபிள்யூ பிளாண்ட்டும் வந்துச்சு. இப்ப ஜனத்தொகை 6 லட்சத்த தாண்டிடுச்சு, வீடு பத்தல. இடிச்சுட்டோமேன்னு கைய பெசையறாங்க. அதனால கணக்கு, ஒரு ஊர் செத்துடுச்சுன்னு நாடி புடிச்சு சொல்றவங்கள நான் அவ்ளோ சீக்கிரம் நம்ப மாட்டேன்.

கணக்குப்புள்ள

சரி சரி. பாதி எறங்கி வரேன். பம்பு விஷயம் எனக்கு தெரியாது, அது என் வாதத்துல பெரிய ஓட்டை. ஆனா ஒரு கேள்வி பாக்கி. யூபாரிக்கும் லெய்ப்சிக்குக்கும் முன்கூட்டியே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா? முடியாதுன்னா எல்லா ஊருக்கும் கொட்டணும், அவ்ளோ காசு எந்த நாட்டுலயும் இல்ல. இத்தாலி தெற்குக்குன்னு 1950ல இருந்து முப்பது வருஷத்துக்கு மேல தனி நிதி வெச்சு கொட்டுனாங்க, பெரிய பெரிய உருக்காலை, ரசாயன ஆலை, சுத்தி ஒண்ணும் வளரல, அவங்களே அத பாலைவனத்துல கட்டுன தேவாலயம்னு கிண்டல் பண்ணாங்க.

பழையரயில்

முழுசா கண்டுபிடிக்க முடியாது. ஆனா தோத்தாலும் வீணாகாத செலவுன்னு ஒண்ணு இருக்கு. சாக்கடை, பஸ், ஸ்கூல், பக்கத்து பெரிய ஊருக்கு முக்கா மணி நேரத்துல போற ரயில். ஊர் எழலன்னாலும் இருக்கறவனுக்கு பயன், கெளம்பறவனுக்கு கூட பயன், படிச்சுட்டு போவான்ல. ராட்டினத்துக்கு அந்த குணம் இல்ல. லெய்ப்சிக் பெரிய ரயில் சந்திப்பு, பழைய பல்கலைக்கழகம், கண்காட்சி ஊர். யூபாரி மலைக்குள்ள ஒரு பள்ளத்தாக்கு, ஒரே ஒரு சரக்கு. அந்த வித்தியாசம் முன்னாடியே தெரிஞ்சுதுதான், ஆனா யாரும் வாய் விட்டு சொல்ல மாட்டாங்க, ஓட்டு போயிடும்.

அப்புறம் பெரிய காசே இல்லாமயும் கொஞ்சம் பண்ணலாம். இங்கிலாந்துல பிரெஸ்டன்னு ஒரு ஊர், 70 கோடி பவுண்டு ஷாப்பிங் மால் திட்டம் 2011ல கவுந்துடுச்சு. வேற வழியில்லாம கவுன்சில், காலேஜ், போலீஸ், வீட்டுவசதி அமைப்பு எல்லாரையும் கூப்பிட்டு, நீங்க வருஷா வருஷம் வாங்கற சாமான், சேவை எல்லாம் எங்க போகுதுன்னு பாத்தாங்க. பிரெஸ்டனுக்குள்ள தங்குனது 3.8 கோடி பவுண்டு. டெண்டர சின்ன சின்னதா பிரிச்சு உள்ளூர்க்காரன் கேக்கற மாதிரி பண்ணதுல நாலு வருஷத்துல 11 கோடிக்கு மேல போச்சு. எல்லா ஊரும் இதையே பண்ணா ஒருத்தன் வாங்குனது இன்னொருத்தன் இழந்ததுதானன்னு கேக்கலாம், கேக்கறது நியாயம். ஆனா அந்த காசு முன்னாடி போனது இன்னொரு நொந்த ஊருக்கு இல்ல, பெரும்பாலும் பெரிய ஊர் பெரிய கம்பெனிக்கு.

மேகமூட்டம்

ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு தூங்க போறேன். ஸ்வீடன்ல மால்மோன்னு ஊர், கப்பல் கட்டற ஊர். 138 மீட்டர் உசர கிரேன், ஊர்ல எங்க நின்னாலும் தெரியும். தளம் எண்பதுகள்ல மூடுச்சு, கிரேன் பெரும்பாலும் சும்மாவே நின்னுச்சு. 2002ல தென்கொரியாவுல உல்சான்ல இருக்கற ஹூண்டாய் கப்பல் கம்பெனிக்கு ஒரு டாலருக்கு குடுத்தாங்க, கழட்டி எடுத்துட்டு போற செலவு அவங்களோடது. கப்பல்ல அது போறப்ப ஜனங்க கரைல நின்னு அழுதாங்களாம், கொரியாவுல அந்த கிரேனுக்கு பேரே "மால்மோவின் கண்ணீர்". மால்மோவுக்கு 1998ல பல்கலைக்கழகம், 2000ல கோபன்ஹேகனுக்கு பாலம் வந்துச்சு, தளம் இருந்த எடத்துல இப்ப குடியிருப்பு. பக்கத்துல பெரிய ஊர் இருந்துச்சு, பொழச்சுக்குச்சு.

சும்மா ஒருத்தன்

அப்ப இப்ப கொரியாக்காரன் சந்தோஷமா இருப்பான்.

மேகமூட்டம்

அதே ஹூண்டாய் 2017ல கொரியாவுலயே குன்சான்ங்கற ஊர்ல இருந்த கப்பல் தளத்த நிறுத்துச்சு. அடுத்த வருஷம் அந்த ஊர்ல ஜிஎம் கார் பிளாண்ட்டும் போச்சு. ஒரே ஊர், ஒரு வருஷ இடைவெளில ரெண்டும். தளத்த 2022ல பாதி மாதிரி மறுபடி தொறந்தாங்க.

கணக்குப்புள்ள

மாடரேட்டர் அய்யா, இழை தலைப்ப கொஞ்சம் மாத்தணும், "இல்ல"ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துடலாமா?

மாடரேட்டர்

ஒரு நாள் தாண்டிட்டா தலைப்பு மாத்த முடியாது கணக்கு. விதிமுறைய படிச்சுட்டு இழை தொடங்குங்கன்னு எத்தன தடவ சொல்றது.